சுழற்பந்து வீரர் பல்வங்கர் பாலு

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் எங்கள் செம்பரம்பாக்கத்தில் ஏரிக்கரையை அடுத்த திடல்களில் கிரிக்கெட்டுக்குக் குறைவிருக்காது. ஆட்டத்தைக் காட்டிலும், ஆட்டத்துக்கு முந்திய நாள் தேநீர்க் கடையில் நடக்கும் வாதமே சூடானது. மட்டை பிடிக்க ஆள் உண்டு, பந்து வீசத்தான் ஆள் இல்லை என்பது எல்லா ஊர் அணிகளுக்கும் உள்ள தீராக் குறை. நசரத்பேட்டையிலிருந்து ஒருவரை அழைக்கலாமா, திருமழிசைக்காரரைக் கேட்கலாமா, அதற்கு ஈடாக நம் மட்டைக்காரர் ஒருவரை அடுத்த வாரம் அவர்களுக்கு ஆட அனுப்பலாமா என்று பேச்சு நீளும். ஐ.பி.எல். ஏலத்தில் கோடிக் கணக்கில் நடப்பதும் ஏறத்தாழ இதே பேச்சுத்தான்.

நல்ல பந்து வீச்சாளர் ஒருவரை அணியில் சேர்ப்பது பற்றி நம் நாட்டில் நடந்த வாதங்களில் மிகப் பழையதும் மிகவும் பொருள் பொதிந்ததுமான ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பூனா நகரில் நடந்தது. அங்கே வாதிட்டவர்களுக்கு அவருடைய பந்து வீச்சின் திறமையில் ஐயமே இல்லை. அவரோடு ஒரே களத்தில் நிற்கலாமா, அவர் தொட்ட பந்தைத் தாமும் தொடலாமா என்பதுதான் அவர்களுக்குக் கேள்வியாக இருந்தது. அந்தப் பந்து வீச்சாளர் பல்வங்கர் பாலு. இந்தியா ஈன்ற முதல் பெரும் சுழற்பந்து வீரர் அவரே எனலாம்.

பாலு 1870-களின் நடுவில் தார்வாரில் பிறந்தார். கொங்கணக் கரையிலுள்ள பல்வண் என்னும் சிற்றூர் அவருடைய முன்னோரின் ஊர். பல்வங்கர் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. தோல் தொழிலுக்குரியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டுத் தீண்டத்தகாதோர் வரிசையில் தள்ளப்பட்ட சமார் வகுப்பைச் சேர்ந்த குடும்பம். தந்தையார் இராணுவத்தைச் சார்ந்த வேலையில் இருந்தார். அதனால் பிள்ளைகள் பூனாவில் வளர்ந்தார்கள். வெள்ளை அதிகாரிகள் ஆடிக் கழித்துப் போட்ட மட்டையும் பந்தும் கிடைத்த இடத்தில் கிரிக்கெட் பழகினார்கள் பாலுவும் தம்பி சிவராமும்.

பள்ளிப் படிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. பார்சிக்காரர்கள் நடத்திய ஒரு கிரிக்கெட் கழகத்தில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளையிழுக்கும் வேலை பாலுவுக்குக் கிடைத்தது. மாதச் சம்பளம் மூன்று ரூபாய். பிறகு 1892 வாக்கில் வெள்ளையர்களின் பூனா கிளப்புக்கு மாறினார். சம்பளம் நான்கு ரூபாயாக உயர்ந்தது. வலை கட்டுவதும் உருளை இழுப்பதும் கோடு போடுவதும்தான் அவருடைய கடமைகள். ஒரு நாள் டிராஸ் என்னும் ஆங்கிலேயர், இந்தப் பையன் வீசித்தான் பார்க்கட்டுமே என்று பந்தை அவர் கையில் கொடுத்தார். அன்று தொடங்கியது எல்லாம்.

பாலு இடது கைக்காரர். அவருடைய பந்து தரையில் பட்டதும், வலது கையால் ஆடுபவரை விட்டு விலகிச் சுழலும். சில வேளை அதே கை அசைவில் உள்நோக்கியும் திரும்பும். அக்காலத்தில் ஆடுகளத்தை மழைக்கு மூடி வைக்கும் வழக்கம் இல்லை. மழை நனைத்த தரை வெயிலில் அரைகுறையாய்க் காயும்போது, சுழற்பந்து அதில் பட்டு எகிறுவதும் திரும்புவதும் மட்டைக்காரருக்கு எமனாய் முடியும். ஆண்டுக் கணக்கில் தரையைக் கையால் தடவிப் பார்த்து உருளை இழுத்தவருக்கு, அது எந்த இடத்தில் கடினம், எந்த இடத்தில் பொருபொருவென்று உடையும் என்பது தெரியாமலா இருக்கும்? வேலைக்காரனாய் இருந்த காலம் அவருக்கு வீணாகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பூனா கிளப்பின் சிறந்த மட்டைக்காரர் கிரெய்க் என்னும் இராணுவ அதிகாரி. பயிற்சிக்கு மற்றவர்கள் வருமுன்பே அவர் வந்து பாலுவைப் பந்து வீசச் சொல்வாராம். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் எட்டணா கொடுப்பார் என்றும் ஒரு கதை உண்டு. எட்டணா கதை உண்மையோ மிகையோ, அந்தப் பயிற்சியில் இருவருமே வளர்ந்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஒன்று: பல நூறு மணி நேரம் பந்து வீசிய பாலுவின் கையில் அந்த வலைப்பயிற்சியில் ஒரு தடவைகூட மட்டை கொடுக்கப்படவில்லை. மட்டை கனவான்களுக்கு, பந்து வேலைக்காரனுக்கு.

பூனாவில் இந்துக்களுக்கும் ஒரு கிரிக்கெட் கழகம் இருந்தது. வெள்ளையர் அணியை எப்படியாவது வீழ்த்திவிட வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் ஆசை. அதற்குத் தகுந்த பந்து வீச்சாளர் தம் ஊரிலேயே, எதிரியின் திடலிலேயே உருளை இழுத்துக்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியும். சேர்ப்பதா, வேண்டாமா? கழகம் இரண்டு பட்டது. உறுப்பினர்களில் தெலுங்கர் சிலர் சேர்க்கலாம் என்றார்கள். உள்ளூர்ப் பிராமணர்கள் பலர் கூடாது என்றார்கள். இழுபறி நீடித்த நிலையில், கிரெய்க்கே பத்திரிகை வாயிலாகத் தலையிட்டு, பாலுவின் உதவியை இழப்பது இந்துக்களின் மடமையாக முடியும் என்ற கருத்தை வெளியிட்டார். எதிரணியைச் சேர்ந்தவர் நற்சான்று கொடுத்த பிறகே கதவு திறந்தது.

முழுக்கத் திறந்ததா என்றால் இல்லை. களத்தில் எல்லோரும் அதே பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் அருந்த, பாலுவுக்கு வெளியே மண் குவளையில் தேநீர் கொடுக்கப்பட்டது. குடித்ததும் அதை எறிந்துவிடலாம். உணவு தனித் தட்டில், தனி இடத்தில். முகம் கழுவ வேண்டுமானால் அவருடைய வகுப்பைப் போன்றதொரு வகுப்பைச் சேர்ந்த ஏவலாள் ஒருவர் திடலின் மூலைக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார். அணிக்கு அவர் வீழ்த்தும் விக்கெட்டுகள் வேண்டியிருந்தன. அவரோடு ஒரு பந்தியில் உட்காருவது அப்போது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

விக்கெட்டுகளை அவர் வாரி வழங்கினார். சாதாராவில் வெள்ளையரின் ஜிம்கானாவோடு நடந்த ஆட்டத்துக்காக, இவருடைய சுழலை முறியடிக்கவென்றே ஆடுகளத்தை நாட்கணக்கில் உருளையிட்டு இறுக்கி வைத்திருந்தார்கள் என்பர். அந்தத் தரையிலும் பாலு ஏழு பேரை வீழ்த்தினார். திரும்பி வந்த அணிக்குப் பூனாவில் பெரும் வரவேற்பு. நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே ஒரு பொதுக்கூட்டத்தில் பாலுவுக்கு மாலை அணிவித்து, களத்தில் சேர்ந்து ஆட முடிகிறவர்கள் சேர்ந்து உண்ணவும் பருகவும் தடையென்ன என்ற பொருள்படப் பேசினார். திலகரும் பின்னர் ஒரு கூட்டத்தில் அவரைப் பாராட்டினார்.

பிளேக் நோய் பூனாவைச் சூறையாடிய காலத்தை ஒட்டிப் பாலு பம்பாய்க்குக் குடியேறினார். அங்கே பரமானந்ததாஸ் ஜீவன்தாஸ் இந்து ஜிம்கானாவில் சேர்ப்பதிலும் முணுமுணுப்பு எழுந்தது. அணித் தலைவராயிருந்த கீர்த்திகர் அதை அடக்கினார். பம்பாய் பரோடா மத்திய இந்திய ரயில்வேயில் அவருக்கு வேலையும் கிடைத்தது. அந்த அணிக்கும் ஆடினார்.

1906-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்களும் ஐரோப்பியர்களும் மோதினார்கள். இந்துக்கள் 242, 160. ஐரோப்பியர்கள் 191, 102. 109 ரன் வித்தியாசத்தில் இந்துக்கள் வென்றார்கள். ஆண்டு 1906 என்பதை மறக்கலாகாது. வங்கப் பிரிவினையால் நாடு கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஆளும் இனத்தை அதன் சொந்த ஆட்டத்திலேயே வென்ற அந்த வெற்றியில் பாலுவின் பந்து வீச்சுக்குப் பெரும் பங்கு உண்டு. தம்பி சிவராமும் அணியில் இருந்தார். இந்தச் செய்தியை நாடு முழுதும் சீர்திருத்தக் கண்ணோடு எழுதிய ஏடு 'இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்'. அது 1890-இல் நம் சென்னையில் தொடங்கப்பட்டுப் பிறகு பம்பாய்க்குச் சென்ற ஏடு. அதன் ஆசிரியர் தஞ்சைத் தரணியைச் சேர்ந்த காமாட்சி நடராஜன். பூனாவில் மண் குவளையில் தேநீர் கொடுத்ததையும் பம்பாய் ஜிம்கானாவில் அதே வீரரோடு மற்றவர்கள் உடன் உண்டதையும் ஒப்பிட்டுக் காட்டி, கிரிக்கெட் அணி எட்டிய தொலைவைச் சமுதாயமும் எட்ட வேண்டுமென அவ்வேடு வற்புறுத்தியது.

1911-இல் பாட்டியாலா மகாராசா பூபிந்தர் சிங் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. பார்சி, இந்து, முஸ்லிம் வீரர்கள் கலந்த அணி. தலைவர் பல ஆட்டங்களில் களமிறங்கவே இல்லை. அவருக்கு இலண்டனில் வேறு அலுவல்கள் இருந்தன. முதல்தர ஆட்டங்கள் 14-இல் இரண்டில் மட்டுமே வெற்றி, பத்தில் தோல்வி. அந்த அணியில் தனித்து ஒளிர்ந்தவர் பாலு. தோள் வலியோடு வீசியும் அப்பயணத்தில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் மொத்தம் 114. அவற்றில் 75 முதல்தர ஆட்டங்களில். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்சில் 103 ரன்களுக்கு 8 பேர். வயது முப்பத்தைந்தைத் தொட்டவர் முன்பின் அறியாத தரைகளில் செய்த சாதனை இது!

ஊர் திரும்பியதும் பம்பாயிலுள்ள ஒடுக்கப்பட்ட மக்கள் கூடி அவரைப் பாராட்டினார்கள். எல்பின்ஸ்டன் கல்லூரியில் அப்போது மாணவராயிருந்த பீமராவ் அம்பேத்கருக்கும் அந்தப் பாராட்டில் பங்கு உண்டு என்பர். இளைஞர் அம்பேத்கருக்குப் பாலு ஒரு வீர நாயகராகவே விளங்கினார்.

இவ்வளவுக்குப் பிறகாவது இந்து அணியின் தலைமை அவருக்குக் கிடைத்ததா? கிடைக்கவில்லை. நாற்கோணப் போட்டிகள் ஆண்டுதோறும் நடந்தன. தலைமை ஒவ்வொரு முறையும் வேறொருவருக்கே போயிற்று. அவ்வாறு தலைவரான எம்.டி. பாய் என்பவரே ஒரு விருந்தில், அந்தப் பெருமை தம்மைவிட மூத்தவரான பாலுவுக்கே உரியது என்று வெளிப்படையாகச் சொன்னார். 1920-இல் நிலைமை முற்றியது. பாலு அணியிலிருந்தே நீக்கப்பட்டார். பாய் ஆட இயலாத ஆட்டத்துக்குத் தலைமையை, பல்வங்கர் சகோதரர்களைத் தாண்டி, தேவதருக்குக் கொடுத்தார்கள். தம்பியர் சிவராமும் விட்டலும் வெகுண்டெழுந்து, சாதியே இதற்குக் காரணம் என அறிக்கை வெளியிட்டுவிட்டு அணியிலிருந்து விலகினார்கள். இம்முறை வாதம் கழக அறைக்குள் அடங்கவில்லை. பம்பாயின் பத்திரிகைகளும் இரசிகர்களும் அதில் கலந்துகொண்டார்கள். தேர்வுக்குழு இறங்கி வந்தது. அடுத்த ஆட்டத்துக்குத் தம்பியரும் திரும்பினார்கள். பாலு துணைத் தலைவரானார். அந்த ஆட்டத்தில் பாய் சிறிது நேரம் களத்தை விட்டு வெளியேறினார். அந்த நேரத்துக்கு இந்துக்களின் தலைவராக நின்றவர் பாலு. அவருக்குக் கிடைத்த தலைமை அவ்வளவே. 1923-இல் தம்பி விட்டல் முழுத் தலைவராக்கப்பட்டு, ஐரோப்பியரை வென்று, இரசிகர்களின் தோள்களில் ஏறித் திடலை விட்டு வந்தார். அண்ணன் உழுத நிலத்தில் தம்பி அறுவடை செய்தார் என்று சொல்லலாம்.

பாலு ஆட்டத்தை விட்ட பிறகு பொது வாழ்வில் ஈடுபட்டார். நமக்கு இங்கே ஓர் உறவு தென்படுகிறது. 1932-இல் தனித்தொகுதியா, கூட்டுத்தொகுதியா என்ற பெரும் பிணக்கில் அவர் நின்றது எம்.சி. இராசாவின் பக்கம், இராசா நம் பகுதிக்கு அருகிலுள்ள பரங்கிமலையில் பிறந்தவர். காந்தியடிகள் ஏரவாடா சிறையில் உண்ணாநோன்பு இருந்தபோது, செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. இராசா, இராசாசி ஆகியோரின் பெயர்களோடு பாலுவின் பெயரும் இருக்கிறது. முன்பு தமக்கு மண் குவளை கொடுத்த அதே நகரில், நாட்டின் அரசியலைத் திருப்பிய ஒரு தாளில் அவர் ஒப்பமிட்டார்.

1937-இல் நடந்த பம்பாய் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசு அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகள், பாலு 11,225. அந்தப் போட்டிக்கு அவர் இணங்கியிருக்க வேண்டாம் என்று கருதுவோர் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். ஒரு காலத்தில் தம்மை வீர நாயகராகக் கொண்டாடியவரை எதிர்த்து நிற்கும்படி அவரைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்றே படுகிறது. ஆனால் கூட்டுத்தொகுதிக் கொள்கை அவர் மனமொப்பி ஏற்றது என்பதையும் மறுப்பதற்கில்லை.

முதல்தர ஆட்டங்கள் 33, விக்கெட்டுகள் 179, ஒரு விக்கெட்டுக்குச் சராசரி 15 ரன் அளவே. இந்தியா முதல் டெஸ்ட் ஆட்டத்தை 1932-இல் இலார்ட்ஸ் திடலில் ஆடியபோது அவருக்கு வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. அதனால்தான் பதிவேடுகளைப் புரட்டும் நம் தலைமுறைக்கு அவர் பெயர் எளிதில் கண்ணில் படுவதில்லை. வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குகா 2002-இல் வெளியிட்ட கிரிக்கெட் வரலாற்று நூலுக்குப் பிறகே அவரைப் பலரும் மீண்டும் அறியத் தொடங்கினார்கள்.

பாலு 1955-ஆம் ஆண்டு சூலை 4 அன்று பம்பாயில் காலமானார். பொது உணவகங்களில் எவருக்கும் பாத்திரத்தை மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் அவ்வாண்டு சூன் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்திருந்தது.