கெல்வின் பிரபு

வில்லியம் தாம்சன், முதலாம் கெல்வின் பிரபு (ஜூன் 26, 1824 – டிசம்பர் 17, 1907) அயர்லாந்தில் பிறந்து ஸ்காட்லாந்தில் வாழ்ந்த இயற்பியலாளரும் பொறியியலாளரும் ஆவார். வெப்பநிலையின் அனைத்துலக அலகு இவர் பெயரால் வழங்குகிறது. மின்கம்பியின் தடிமனைத் தெரிவு செய்யக் கணக்கு வழி தந்தவரும், சொந்த வீட்டில் மின்னியற்றி வைத்து விளக்கேற்றிய முன்னோடிகளுள் ஒருவரும் இவரே.

இளமைக்காலம்

இவர் பெல்பாஸ்ட் நகரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் தாம்சன் கணித ஆசிரியர். தந்தை கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியரானதும் குடும்பம் அங்குக் குடிபெயர்ந்தது. வில்லியம் கேம்பிரிட்ஜின் பீட்டர்ஹவுஸ் கல்லூரியில் பயின்று 1845 இல் பட்டம் பெற்றார். 1846 இல், தமது 22 ஆவது வயதில், கிளாஸ்கோவில் இயற்கை மெய்யியல் பேராசிரியரானார். 1899 வரை அப்பதவியில் இருந்தார்.

அத்திலாந்திக் கம்பிவடம்

அத்திலாந்திக் கடலடித் தந்திக் கம்பிவடத்திற்குத் தடித்த, தூய செப்புக் கடத்தியும் தடித்த காப்பும் தேவை என்று தாம்சன் வலியுறுத்தினார். அவருடைய கருத்து ஏற்கப்படவில்லை. 1858 இல் இடப்பட்ட கம்பிவடத்தில் ஒரு கடல் மைலுக்கு 107 இறாத்தல் செம்பே இருந்தது. குறிகைகள் மெலிந்ததால் நிறுவனத்தின் மின்னியலாளர் வைல்ட்மன் வைட்ஹவுஸ் உயர் மின்னழுத்தத்தைச் செலுத்தினார். ஏற்கனவே குறைபாடுடையதாக இருந்த கம்பிவடம் சில வாரங்களிலேயே முற்றிலும் செயலிழந்தது. அடுத்த கம்பிவடத்தில் செம்பு 300 இறாத்தலாக உயர்த்தப்பட்டது. 1866 இல் முயற்சி வெற்றி பெற்றது. அவ்வாண்டே தாம்சன் சர் பட்டம் பெற்றார்.

வீட்டு மின்னொளி

1881 இல் தமது கிளாஸ்கோ இல்லத்தில் மின்விளக்குகளை அமைத்தார். எரிவளிப் பொறி ஒன்று மின்னியற்றியைச் சுழற்றியது. ஆற்றலைச் சேமித்து வைக்க ஃபோர் வகைச் சேமக்கலங்களைப் பயன்படுத்தினார். 1884 இல் பீட்டர்ஹவுஸ் கல்லூரியிலும் இவரது உதவியால் மின்னொளி வந்தது.

கெல்வின் விதி

தடித்த கம்பிக்கு விலை அதிகம். மெல்லிய கம்பியிலோ மின்தடை கூடி, ஆற்றல் வெப்பமாக வீணாகும். கம்பிக்கு இட்ட முதலின் ஆண்டு வட்டியும், வீணாகும் ஆற்றலின் ஆண்டுச் செலவும் சமமாக அமையும் தடிமனே சிக்கனமானது என்று 1881 இல் இவர் காட்டினார். இக்கணக்கில் கம்பியின் நீளம் இடம்பெறாது.

இவ்விதி செலவை மட்டுமே கருதுகிறது. மின்தடையின்போது மட்டும், ஆண்டில் சில மணி நேரமே ஓடும் வீட்டு மின்னியற்றிக்கு இதனை மட்டும் கொண்டு கணித்தால் மிக மெல்லிய கம்பியே விடையாக வரும். அக்கம்பி சூடேறித் தீ விபத்து நேரலாம். ஆகவே வீட்டுக் கம்பியமைப்பில், கம்பி பாதுகாப்பாகத் தாங்கும் மின்னோட்டமும், நீளத்திற்கேற்ப ஏற்படும் மின்னழுத்த வீழ்ச்சியும் முதலில் கணக்கிடப்படுகின்றன.

இறுதிக்காலம்

1890 இல் நயாகரா மின்திட்டத்திற்கான பன்னாட்டு ஆணையத்திற்குத் தலைமை தாங்கினார். மாறுதிசை மின்னோட்டத்தை இவர் எதிர்த்தபோதிலும், 1895 இல் நயாகரா மின்நிலையம் அம்முறையிலேயே இயங்கத் தொடங்கியது. 1892 இல் பிரபுப் பட்டம் பெற்றபோது, பல்கலைக்கழகத்தருகே ஓடும் கெல்வின் ஆற்றின் பெயரை ஏற்றார். 1907 இல் லார்க்ஸ் நகரில் காலமானார். இவரது உடல் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.