வல்லரசிடம் அகப்படாத பாஞ்சோ வில்லா

இந்த முறை நான் எழுதுவது மெக்சிகோ நாட்டுப் புரட்சிக்காரர் பாஞ்சோ வில்லாவின் வாழ்க்கை. மெக்சிகோ எங்கே இருக்கு தெரியுமா? அமெரிக்காவுக்குத் தெற்கே, ஒட்டின மாதிரி இருக்கு.

வில்லா 1878-ல் துராங்கோ மாநிலத்தில், பண்ணையார் நிலத்தை வாரத்துக்கு உழுத ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் தொரோத்தியோ அராங்கோ. வாலிபத்தில் மலையில் ஒளிந்து மாடு திருடினார், வழிப்பறியும் செய்தார். பெரிய மனிதர் என்பதற்காக இதை மறைக்க எனக்கு மனசு வரல.

1910-ல் புரட்சி வந்ததும் சர்வாதிகாரி தியாஸை எதிர்த்துப் போரிட்டார். 1912-ல் சிறையில் இருந்தபோதுதான் உட்கார்ந்து எழுதப் படிக்கப் பழகினார். அப்போ அவருக்கு 34 வயசு! இதைப் படிச்ச அன்னைக்கே எங்க அப்பாயிக்கு சிலேட்டுல பேர் எழுதக் கத்துக்கொடுக்க ஆரம்பிச்சேன். அது இன்னும் கைநாட்டுதான். 1913 கடைசியில் சிவாவா மாநில ஆளுநரானதும் வில்லா பள்ளிக்கூடங்கள் திறந்தார்.

1915-ல் அமெரிக்கா, வில்லாவின் எதிரியான கரான்சாவின் அரசை அங்கீகரித்தது. வில்லாவுக்குக் கோபம். 1916 மார்ச் 9 விடிகாலையில் அவர் ஆட்கள் எல்லை தாண்டி கொலம்பஸ் என்ற அமெரிக்க ஊரைத் தாக்கி எரித்தார்கள். ஆயுதமே இல்லாத ஜனங்களும் செத்தார்கள். அவங்க என்ன பாவம் செய்தாங்க?

ஒரே வாரத்தில் ஜெனரல் பெர்ஷிங் தலைமையில் அமெரிக்கப் படை மெக்சிகோவுக்குள் புகுந்தது. போகப் போக சுமார் 10,000 பேர். 8 விமானங்கள், லாரிகள் வேறு. ஆனால் மலைக்காற்றில் விமானங்கள் சில வாரத்திலேயே பழுதாகிவிட்டன. வில்லாவின் எதிரி கரான்சாகூட அந்நியப் படைக்கு ரயிலைத் தர மறுத்தார். ஊர் ஜனங்களும் வழி காட்டல. காலில் குண்டு பட்ட வில்லா ஒரு குகையில் பதுங்கியிருந்தார். கிட்டத்தட்ட 11 மாதம் தேடியும் அகப்படல! 1917 பிப்ரவரியில் படை வெறுங்கையோடு திரும்பியது. அந்நியப் படை வந்ததாலேயே வில்லாவின் பேர் முன்னைவிடப் பரவியது.

1920-ல் ஆயுதத்தைக் கீழே வைத்து, கனுத்தியோ பண்ணையில் குடியேறினார். அங்கேயும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டினார். 1923 ஜூலை 20-ல் பர்ரால் ஊரில் காரில் போகும்போது மறைந்திருந்தவர்கள் சுட்டுக் கொன்றார்கள்.

எவ்வளவு பெரிய படையானாலும் அந்த ஊர் ஜனம் கூட நிற்கலேன்னா ஜெயிக்க முடியாது. இது எனக்குப் புரிந்தது. ஆனால் வில்லா வீரரா, கொள்ளைக்காரரா? எனக்கு இரண்டுமாகத்தான் தெரியுது. நீங்களும் யோசிச்சு உங்க கருத்தை அடுத்த இதழுக்கு எழுதிக் கொடுங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி