ஹென்றி போர்டும் பார லாரியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிச்சிகன் மாகாணத்து டியர்பார்ன் என்னும் ஊரின் அருகே, 1863ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள், ஓர் உழவர் குடியில் ஹென்றி போர்டு பிறந்தார். வயல்வேலை மனிதரையும் குதிரைகளையும் வருத்துதலை இளமையிலேயே கண்ட அவர், அவ்வருத்தத்தை இயந்திரத்தின்மேல் ஏற்ற விரும்பினார். பதினாறாம் வயதில் டெட்ராய்ட் நகரையடைந்து பட்டறைத் தொழில் பயின்றார்.

1908இல் அவர் வெளியிட்ட 'டி' மாதிரி மோட்டார் வண்டி, நாளடைவில் விலை குறைந்து எளியோர் கைக்கும் எட்டிற்று. உழவர் பலர் அதன் பின்புறத்தை அகற்றிப் பெட்டி பொருத்திப் பாரம் ஏற்றலாயினர். மெல்லிய அடிச்சட்டம் எத்துணைப் பாரம் பொறுக்கும்? ஆகவே 1917இல் போர்டு, ஒரு டன் சுமக்கும் 'டிடி' லாரியை வெளியிட்டார். இயந்திரம் பழையதே, அதன் வலிமை இருபது குதிரைத் திறனே. எனினும் அடிச்சட்டத்தை நீட்டி உறுதியாக்கிப் பின் அச்சின் பற்சக்கர விகிதத்தையும் மாற்றினமையால், வேகம் குறைந்து இழுக்கும் ஆற்றல் மிகுந்தது. 1925இல், ஆலையிலேயே பெட்டி பொருத்திய சிறிய பிக்கப் வண்டியை 281 டாலருக்கு விற்கலானார்.

தம் பத்திரிகை வாயிலாக யூதர்மேல் பகைமை பரப்பியது அவர் புகழுக்கு நீங்கா மாசாகும். 1947 ஏப்ரல் 7ஆம் நாள் இரவு, வெள்ளத்தால் மின்சாரம் நின்றுபோன தம் இல்லத்தில், மெழுகுவர்த்தி ஒளியில் உயிர் நீத்தார்.

இன்று பல டன் இழுக்கும் பெரிய பிக்கப் வண்டிகளுக்கும் அந்த லாரி காட்டிய நெறியே பொருந்தும்: இயந்திரம் மட்டும் வலிதாயிருத்தல் போதாது, சட்டமும் அச்சும் சக்கரமும் ஒருங்கே தாங்கினாலன்றிப் பாரம் நகராது.