ஏசி முதல்ல வந்தது மனுஷனுக்காக இல்ல, பேப்பருக்காக! யார் இந்த வில்லிஸ் கேரியர்?

வீட்டு ஏசியின் பைப்பிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பலரும் ஏதோ கழிவு என்றுதான் நினைக்கிறார்கள். ஆனால் அந்த மெஷின் உருவானதே காற்றிலிருந்து அந்தத் தண்ணீரைப் பிரித்தெடுக்கத்தான். ரூம் ஜில்லென்று ஆனது கூடவே கிடைத்த லாபம். 1902-ல் இதைச் செய்து காட்டியவர், காலேஜ் முடித்து ஒரே வருஷம் ஆன 25 வயது இன்ஜினியர் வில்லிஸ் கேரியர்.

ஆப்பிளில் படித்த கணக்கு

1876 நவம்பர் 26-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில், அங்கோலா என்ற சின்ன ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் கேரியர். வீட்டுக்கு ஒரே பிள்ளை. பள்ளியில் பின்னக் கணக்கு மண்டையில் ஏறவில்லை. அம்மா ஆப்பிள்களை எடுத்து பாதி, கால், அரைக்கால் என்று வெட்டிக் காட்டித்தான் புரியவைத்தாராம். எந்தப் பிரச்னையையும் துண்டு துண்டாக்கிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அங்கிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அந்த அம்மா, கேரியர் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1901-ல் இன்ஜினியரிங் முடித்து, பஃபலோ ஃபோர்ஜ் என்ற கம்பெனியில் சேர்ந்தார். சம்பளம் வாரத்துக்கு 10 டாலர். அந்தக் கம்பெனிக்கு வந்த ஒரு புகார்தான் எல்லாத்தையும் மாற்றியது.

அச்சகத்தில் என்ன பிரச்னை?

நியூயார்க்கின் புரூக்ளினில் சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் என்ற அச்சகம். கலர் படம் அச்சடிக்க ஒரே தாளை ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக மெஷினில் விட வேண்டும். கோடைக்காலப் புழுக்கத்தில் தாள் ஈரத்தை உறிஞ்சி லேசாக விரியும், காற்று காய்ந்தால் சுருங்கும். சிவப்பு அடித்த இடத்தில் மஞ்சள் போய் உட்காராது, தள்ளி விழும். தாளும் மையும் நேரமும் வீண்.

வேறு யாராவது இருந்தால் ரூமைக் குளிராக்கினால் போதும் என்று நினைத்திருப்பார்கள். கேரியர் ஈரப்பதத்தைப் பிடித்தார். வருஷம் முழுக்க அந்த அறையில் 55% ஈரப்பதம் நிற்க வேண்டும் என்பதுதான் இலக்கு. குளிர்ந்த நீர் ஓடும் குழாய்ச் சுருள்கள் மேல் காற்றைச் செலுத்தினால், காற்றில் இருக்கும் ஈரம் சுருளில் நீர்த்துளியாகப் படிந்து வடிந்துவிடும். ஐஸ் தண்ணி டம்ளருக்கு வெளியே வியர்க்குமே, அதே கதைதான். 1902 ஜூலை 17-ல் வரைபடம் ரெடி. அந்த அமைப்பின் குளிரூட்டும் திறன், ஒரு நாளைக்கு 1,08,000 பவுண்ட் ஐஸ் உருகுவதற்குச் சமம்.

இன்றைக்கும் ஏசியை டன் கணக்கில் வாங்குவது இதனால்தான். மெஷினின் எடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 24 மணி நேரத்தில் 2,000 பவுண்ட் ஐஸ் உருகினால் எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அதுதான் 1 டன். அந்தக் கணக்கில் புரூக்ளின் அச்சகத்தில் இருந்தது 54 டன், இப்போதைய 1.5 டன் வீட்டு ஏசி 36 சேர்ந்த அளவு.

பனிமூட்டத்தில் வந்த யோசனை

அதோடு அவர் விடவில்லை. பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் ஒரு பனிமூட்ட நேரத்தில் காத்திருந்தபோது அடுத்த யோசனை வந்தது. பனிமூட்டம் என்பது ஈரம் முழுசாக நிரம்பிய காற்று. எந்த வெப்பநிலையில் காற்று எவ்வளவு ஈரத்தைத் தாங்கும் என்பது கணக்கிடக்கூடியது. அப்படியானால் குளிர்ந்த நீரைச் சாரலாகத் தெளித்து அதற்குள் காற்றை விட்டால், வெளியே வரும் காற்றின் ஈரத்தை நாமே முடிவு செய்யலாம். தண்ணீரைத் தெளித்துக் காற்றைக் காயவைப்பது! கேட்க விசித்திரமா இருந்தாலும் அது வேலை செய்தது. 1906 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது. காற்று, ஈரம், வெப்பம் மூன்றுக்கும் இடையிலான சூத்திரங்களை 1911-ல் இன்ஜினியர்கள் சங்கத்தில் சமர்ப்பித்தார். இந்தத் துறைக்கு அடிப்படை இன்னும் அதுதான். ஏர் கண்டிஷனிங் என்ற பெயர் மட்டும் அவர் வைத்ததில்லை. ஸ்டூவர்ட் கிரேமர் என்ற ஜவுளி ஆலை இன்ஜினியர் வைத்தது.

உங்க வீட்டு ஏசிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் வெயிலைவிட புழுக்கம்தான் ஆளை வாட்டும். அங்கே சின்ன ரூமுக்குப் பெரிய ஏசி வாங்கினால் ஆபத்து. ரூம் சட்டென்று குளிர்ந்து கம்ப்ரஸர் நின்றுவிடும்; ஈரம் வடிய நேரமே கிடைக்காது. குளிரும், ஆனால் உடம்பு பிசுபிசுக்கும். பழைய ஏசியை மாற்றுபவர்கள் டன்னைக் கூட்டுவதைவிட, குறைந்த வேகத்தில் நீண்ட நேரம் ஓடக்கூடிய இன்வெர்ட்டர் மாடலைப் பார்ப்பது நல்லது. மழைக்காலத்தில் டிரை மோட் போதும்.

ஃபில்டரில் தூசி அடைத்தால் சுருள் மேல் காற்று சரியாகப் போகாது, சுருளில் ஐஸ் கட்டும். வடிகால் பைப்பில் பாசி அடைத்தால் தண்ணீர் சுவரில் இறங்கும். புழுக்கமான நாளில் ஏசி ஒரு மணி நேரம் ஓடியும் பைப்பில் சொட்டே இல்லையென்றால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.

மனுஷனுக்கு எப்போ வந்தது?

ரொம்ப நாள் ஆச்சு. பஃபலோ ஃபோர்ஜ் இந்தப் பிரிவைக் கைவிட்டதும், 1915-ல் கேரியர் உட்பட 7 இன்ஜினியர்கள் சேர்ந்து சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். அப்போதும் வாடிக்கையாளர்கள் எல்லாம் தொழிற்சாலைகள்தான். மெஷின் மிகப் பெரியது, உள்ளே இருந்ததோ விஷத்தன்மை உள்ள அமோனியா. கூட்டம் கூடும் இடத்தில் அதை வைக்க யாருக்குத் தைரியம் வரும்? 1922-ல் அளவில் சிறியதும் அமோனியா இல்லாததுமான சென்ட்ரிஃப்யூகல் மெஷினை அறிமுகப்படுத்தினார். டெட்ராய்ட்டில் தள்ளுபடி நாட்களில் வாடிக்கையாளர்கள் மயங்கி விழுந்துகொண்டிருந்த ஹட்சன் கடைக்கு 1924-ல் அது வந்தது.

அடுத்த வருஷம் நியூயார்க்கின் ரிவோலி தியேட்டர். கோடையில் தியேட்டர்கள் காற்று வாங்கிய காலம் அது. முதல் நாள் பாரமௌண்ட் முதலாளி அடால்ஃப் ஜூகோரே பால்கனியில் வந்து உட்கார்ந்துவிட்டார். மெஷின் ஓட ஆரம்பிக்கத் தாமதம். ஜனங்கள் கையில் விசிறியோடு வீசிக்கொண்டிருக்க, கேரியர் டீம் பின்னால் தவித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக விசிறிகள் மடிக்குப் போயின. ஜூகோர் திருப்தியோடு கிளம்பினார். கோடைக்கால சினிமா வியாபாரம் அதன்பின் சூடுபிடித்தது.

மிச்சம் இருந்தது வீடு. 1928-ல் வெதர்மேக்கர் என்ற பெயரில் வீடுகளுக்கான மெஷினைக் கொண்டு வந்தார். அடுத்த வருஷமே அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்து, பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியது. வாங்க ஆளில்லை. மக்களுக்கு ஆசை காட்ட 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் எஸ்கிமோ பனிவீடு வடிவத்தில் ஏசி அரங்கே கட்டினார்கள். பிறகு இரண்டாம் உலகப்போர் வந்து அதையும் நிறுத்தியது.

1950 அக்டோபர் 7-ல் கேரியர் இறந்தபோது வயது 73. அமெரிக்காவின் நடுத்தர வீடுகளுக்குள் ஏசி பெரிய அளவில் நுழைந்தது அதற்குப் பின் வந்த பத்து வருஷங்களில்தான்.