21 என்னும் எண்

பேஸ்பால், அமெரிக்க மக்களின் உள்ளம் கவர்ந்த விளையாட்டு. அதனை ஆடும் வீரர் ஒவ்வொருவரின் சட்டையிலும் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். வீரர் அணியை விட்டு நீங்கினால், அவ்வெண் பின்னர் வருபவருக்கு வழங்கப்படும். ஆயினும், ஒப்பற்ற வீரர் ஒருவரின் எண்ணை அவருக்குப்பின் எவருக்கும் வழங்காமல் நிறுத்திவைத்துப் போற்றும் மரபும் உண்டு. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அவ்வாறு போற்றும் எண்களுள் ஒன்று 21. அதனை அணிந்து ஆடியவர் ரொபெர்ட்டோ கிளெமென்டே.

கரீபியன் தீவாகிய புவேர்ட்டோ ரிக்கோவில், கரோலினா என்னும் ஊரில், 1934ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை கரும்புத் தோட்டத்தில் மேற்பார்வையாளராகப் பணிபுரிந்தார். வீட்டிலும் ஊரிலும் வழங்கிய மொழி ஸ்பானியம். 1955இல், தம் 20ஆம் வயதில், கிளெமென்டே பிட்ஸ்பர்க் அணியில் சேர்ந்தார்.

புதிய ஊர் அவரை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. பயிற்சிக்காக அணி ஃபுளோரிடா சென்றபோது, வெள்ளை நிற வீரர்கள் தங்கிய விடுதியில் கறுப்பரான அவருக்கு இடமில்லை. அவர் பேசிய ஆங்கிலத்தை, உச்சரிப்புப் பிழைகளோடு அப்படியே அச்சிட்டுச் செய்தித்தாள்கள் நகைத்தன. அழைப்பதற்கு எளிது என்று பலர் அவரைப் 'பாப்' என்றனர். தம் பெயர் ரொபெர்ட்டோ என்பதை அவர் விடாது எடுத்துரைத்தார்.

ஆடுகளத்திலோ அவரை எவராலும் புறக்கணிக்க இயலவில்லை. மட்டையடியில் நான்கு முறை தம் லீகின் முதலிடம் பெற்றார். பந்தைத் தடுத்து எறியும் திறனுக்காக 12 முறை தங்கக் கையுறை விருது பெற்றார். 1960, 1971 ஆகிய ஆண்டுகளில் அவருடைய அணி உலகத் தொடர்க் கோப்பையை வென்றது. 1971இல் வென்றவுடன் தொலைக்காட்சியினர் அவரைச் சூழ்ந்தனர். நாடே பார்த்துக்கொண்டிருக்க, அவர் முதலில் ஸ்பானிய மொழியில் பேசித் தம் பெற்றோரின் வாழ்த்தை வேண்டினார். அதன் பின்னரே ஆங்கிலத்தில் விடையளித்தார்.

பந்தை அடித்துப் பாதுகாப்பாகத் தளம் சேர்வதை 'ஹிட்' என்பர். 1972 செப்டம்பர் 30ஆம் நாள், கிளெமென்டே தம் 3000ஆவது ஹிட்டை எட்டினார்.

அவ்வாண்டு டிசம்பர் 23ஆம் நாள், நிகராகுவா நாட்டின் தலைநகர் மனாகுவா நிலநடுக்கத்தால் சிதைந்தது. கிளெமென்டே உணவும் மருந்தும் திரட்டி அனுப்பினார். அவை உரியவர்களைச் சென்றடையவில்லை என்று அறிந்ததும், தாமே நேரில் கொண்டுசெல்லத் துணிந்தார். டிசம்பர் 31ஆம் நாள் இரவு, அளவுக்கு மீறிச் சுமையேற்றப்பட்ட பழைய விமானம் ஒன்று அவருடன் புறப்பட்டது. சற்று நேரத்தில் கடலில் வீழ்ந்தது. அவருடைய உடல் கிடைக்கவேயில்லை. அப்போது அவருக்கு வயது 38.

1973இல் பிட்ஸ்பர்க் அணி 21 என்னும் எண்ணுக்கு ஓய்வளித்தது. ஆட்டத்தை விட்டு விலகி ஐந்தாண்டுகள் கடந்தவரையே புகழ்மன்றத்தில் சேர்ப்பது வழக்கம். அவ்விதியைத் தளர்த்தி, அவ்வாண்டே அவரைச் சேர்த்தனர். அங்கு இடம்பெற்ற முதல் லத்தீன் அமெரிக்க வீரர் அவரே.

இன்று பிட்ஸ்பர்க் விளையாட்டரங்கில், அவர் காத்து நின்ற வலப்புறத்தின் மதில் 21 அடி உயரம் உடையது. அரங்கின் அருகே ஆற்றுப்பாலம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்பெயர் 'பாப்' அன்று; பெற்றோர் இட்ட பெயரான ரொபெர்ட்டோ என்பதே.