காத்திருக்கச் சொன்ன கணித மேதை

நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்தில் இருந்து ஏறினால், 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். தேர்தல் வந்தால் ஓட்டு எந்திரங்களும் மலை ஏறுகின்றன. ஓட்டுப் போட்டு முடிந்ததும், 'சீல்' வைக்கப்பட்டு மலை இறங்குகின்றன.

2024-ம் ஆண்டு பாராளுமன்றத் தேர்தலில் இந்த மலை மக்கள் ஓட்டுப் போட்டது ஏப்ரல் 19-ந் தேதி. அந்த ஓட்டுகளை எண்ணியது ஜூன் 4-ந் தேதி. நடுவில் 46 நாட்கள்!

மற்ற மாநிலங்களில் ஜூன் 1-ந் தேதி வரை ஓட்டுப் பதிவு நடந்தது. ஓர் ஊரின் முடிவு தெரிந்தால் இன்னோர் ஊரின் மனம் மாறும் அல்லவா? அதனால் எல்லா ஓட்டுகளையும் ஒரே நாளில் எண்ணினார்கள்.

ஒரே வீட்டில் அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி என்று இருப்பது உண்டு. முடிவு தெரியாத அந்த 46 நாளும் அவர்கள் ஒன்றாகத்தான் மிளகுக்கொடியைப் பார்க்க வேண்டும். ஒன்றாகத்தான் பலாப்பழத்தைச் சந்தைக்குக் கொண்டு போக வேண்டும்.

இப்படி நம்பிக் காத்திருக்க இந்த நாட்டைப் பழக்கியவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் சுகுமார் சென். இந்தியாவின் முதல் தலைமைத் தேர்தல் கமிஷனர்.

சென் வங்காளத்துக்காரர். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் படித்தார். பிறகு லண்டன் சென்று, அங்கே கணிதத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். 1921-ல் ஐ.சி.எஸ். உத்தியோகத்தில் சேர்ந்தார். சுதந்திரம் வந்தபோது மேற்கு வங்காளத்தின் தலைமைச் செயலாளர் ஆனார்.

1950 மார்ச் மாதம் அவரை டெல்லிக்கு அழைத்துத் தேர்தல் பொறுப்பைக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே தேர்தலை நடத்திவிட வேண்டும் என்பது பிரதமர் நேருவின் ஆசை. சென் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஓட்டர்கள் 17 கோடிக்கு மேல். நூற்றுக்கு 80 பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுத வேண்டும். இதை அவசரமாகச் செய்தால் அரைகுறையாகத்தான் முடியும். பொறுத்திருக்க வேண்டும் என்று பிரதமரிடமே சொல்லிவிட்டார்! நேருவும் பொறுத்திருந்தார்.

பெயர் சொல்லாத பெண்கள்

பெயர் எழுதப் போன இடத்தில் ஒரு சிக்கல். வட மாநிலங்களில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாயார் என்றே சொன்னார்கள்.

அதை அப்படியே எழுதிக்கொள்ள சென் சம்மதிக்கவில்லை. ஓட்டு ஆளுக்கு உரியது. ஆளுக்குப் பெயர் வேண்டும் என்பது அவர் கட்சி. சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர் பட்டியலில் இருந்து எடுக்கப்பட்டது. கடுமையான முடிவுதான். அத்தனை பெண்களும் அந்தத் தடவை ஓட்டை இழந்தார்கள். ஆனால், அடுத்த தேர்தலுக்குள் பெரும்பாலான பெண்கள் சொந்தப் பெயருடன் பட்டியலில் ஏறிவிட்டார்கள்.

படிக்காதவர்களுக்காகச் சின்னம் வந்தது. மாடு, விளக்கு, மரம் என்று பார்த்ததும் தெரியும் படங்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னம். பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். இதற்காக 20 லட்சத்துக்கு மேல் இரும்புப் பெட்டிகள் செய்தார்கள். ஒருவரே இரு முறை ஓட்டுப் போடாமல் இருக்க, விரலில் அழியாத மை வைத்தார்கள்.

1951 அக்டோபர் 25-ந் தேதி, இமாசலப் பிரதேசத்தின் சினி என்ற மலைப் பகுதியில் முதல் ஓட்டு விழுந்தது. பனி பெய்தால் பாதை அடைபட்டுவிடும் என்பதால் அவர்களுக்கு முன்கூட்டியே தேர்தல். நாடு முழுவதும் முடியப் பிப்ரவரி ஆகிவிட்டது. நாட்டில் யார் ஆட்சி என்பதை அறிய அந்த மலை மக்கள் குளிர்காலம் முழுவதும் காத்திருந்தார்கள்.

அதுவரை பெட்டிக்கு என்ன பாதுகாப்பு? பூட்டும்போதும் திறக்கும்போதும் எல்லா வேட்பாளர்களின் ஏஜெண்டுகளும் பக்கத்தில் இருக்கலாம். தங்கள் முத்திரையையும் வைக்கலாம். பிரசாரத்தில் எதிரும் புதிருமாக நின்றவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பூட்டுக்குக் காவல்! அந்த ஏற்பாடு இன்றும் இருக்கிறது.

பெட்டியைத் திறந்தபோது பெரிய பெரிய தலைகள் உருண்டன. சென்னை ராஜ்யத்தின் முதல்-மந்திரி குமாரசாமி ராஜா தோற்றார். பம்பாயில் மொரார்ஜி தேசாய் தோற்றார். அரசியல் சட்டத்தை உருவாக்கிய அம்பேத்கரும் தோற்றார். சென்னைச் சட்டசபையில் 375 இடங்களில் ஆளும் காங்கிரசுக்குக் கிடைத்தது 152-தான். ஆட்சியில் இருந்தவர்களே தோற்றதை நாடு கண்டது.

சென்னின் புகழ் கடல் கடந்தது. 1953-ல் சூடான் நாட்டுத் தேர்தலை நடத்த அவரை அழைத்தார்கள். 1954-ல் 'பத்மபூஷண்' விருது கிடைத்தது.

1957-ல் இரண்டாவது பொதுத் தேர்தலையும் அவரே நடத்தினார். பழைய பெட்டிகளைப் பத்திரமாக வைத்திருந்து எடுத்துக் கொடுத்ததால் கோடிக்கணக்கில் பணம் மிச்சம். அந்தத் தேர்தலில் சில பெட்டிகளுக்குள் காசும் ரூபாய் நோட்டும் கிடந்தன. ஓட்டுப் பெட்டியைக் கோவில் உண்டியல் என்று நினைத்தார்களோ, என்னவோ! அந்தப் பணம் கஜானாவுக்குப் போயிற்று.

1958 டிசம்பரில் சென் பதவியை விட்டார். பிறகு வங்காளத்தில் பர்துவான் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்தார். அவர் காலமாகி 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

உலகம் வியந்த தேர்தலை நடத்தியவர், தன் கதையைப் புத்தகமாக எழுதி வைக்கவில்லை. அவர் விட்டுப் போனவை அரசாங்கத்துக்கு எழுதிய தேர்தல் அறிக்கைகள்தான். அவற்றில் பக்கத்துக்குப் பக்கம் கணக்கு!