சோண மகாதேரர்

ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன், அங்க நாட்டின் தலைநகராய் விளங்கியது சம்பா. இன்றைய பீகாரில் பாகல்பூரை அடுத்துள்ள இடம் அது. அந்நகரிலே பெருஞ்செல்வர் குடியில் தோன்றியவர் சோண கோளிவீசர். உள்ளங்காலிலும் உரோமம் முளைத்திருக்குமளவு மென்மையான பாதங்கள் அவருடையவை. இதனைக் கேள்வியுற்ற மகத வேந்தர் பிம்பிசாரர் அவரை இராசகிருகத்திற்கு வரவழைத்தார். அரசர் முன்னே காலை நீட்டுதல் தகாது. சம்மணமிட்டு அமர்ந்தால் அவரே பாதங்களைக் கண்டுகொள்வார் எனப் பெற்றோர் சொல்லியனுப்பினர்.

அப்பயணத்திலேயே அவர் கிருத்திரகூட மலையில் பகவானைக் கண்டார், அறங்கேட்டார், துவராடை பூண்டார்.

சீதவனத்தில் தங்கிய புதிய பிக்கு, விடுதலையை விரைந்து எய்தும் வேட்கையால் ஓயாது நடந்து தியானம் பயின்றார். பாதங்கள் பிளந்தன. நடைவழி கொலைக்களம் போல் குருதி தோய்ந்தது. மனமோ கனியவில்லை. வீட்டிலே செல்வம் இருக்கிறது. திரும்பிச் சென்று துய்த்தும் தானம் புரிந்தும் வாழலாமே என்ற எண்ணம் எழுந்தது. சோம்பலுற்றவருக்கு எழுந்த எண்ணமன்று இது; உழைத்துச் சலித்தவருக்கு எழுந்தது என்பதை அன்பர்கள் கருத வேண்டும். இன்று ஆலைகளிலும் அலுவலகங்களிலும் மன இறுக்கம் என்று பேசப்படுவது இத்தகையோரையும் பற்றுகிறது.

குருதி படிந்த வழியைக் கண்டு பகவான் அவரிடம் வந்தார். கடிந்துரைக்கவில்லை. இல்லறத்தில் வீணை வல்லவராயிருந்தவரிடம் வீணையைப் பற்றியே வினவினார். மிக முறுக்கிய நரம்பும் மிகத் தளர்ந்த நரம்பும் இசை தாரா. அளவோடு கட்டியதே இசைக்கும் என்பதைச் சோணரையே ஒப்புக்கொள்ளச் செய்தார். ஊக்கம் மிகுந்தால் மனம் கொந்தளிக்கும், குறைந்தால் மடிமை சேரும் என்று விளக்கினார். வீணை அறியாத ஆலைத் தொழிலாளருக்குப் பாவு நூல் போதும்: இழுவை மிகுந்தால் அறும், தளர்ந்தால் சிக்கும்.

இதனைப் பாதி உழைப்புக்கு அனுமதி என்று சிலர் கொள்கின்றனர். அது பிழை. சோணர் முயற்சியைக் கைவிடவில்லை, சமன் செய்தார்; தனித்திருந்து பயின்று அருகதரானார். ஊக்கமுடைய சீடருள் முதல்வர் எனப் பகவானால் குறிக்கப்பெற்றவரும் அவரே.

புண்பட்ட பாதங்களைப் பகவான் மறக்கவில்லை. ஒற்றைத் தோலாலான செருப்பு அணியச் சோணருக்கு அனுமதி தந்தார். அவரோ இசையவில்லை. 80 வண்டிப் பொன்னையும் 7 யானைகள் கொண்ட அணியையும் துறந்து வந்தவன் இன்று செருப்பில் பற்று வைத்தான் என உலகம் பேசும். சங்கத்தார் அனைவருக்கும் அனுமதித்தால் தாமும் அணிவதாக விண்ணப்பித்தார். அது முதல் பிக்குகள் எல்லோரும் செருப்பணியலாயினர்.